பேர் வெட்டினதும் பேர் அச்சடிச்சதும்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கையைப் பார்த்தால் போதும். அந்த வருஷம் எந்தக் கம்பெனி என்ன கொடுத்தது என்று தெரிந்துவிடும். ஃபிளாஸ்க், ஹாட் பாக்ஸ், தோள்பை, ஸ்வீட் பாக்ஸ். எல்லாவற்றிலும் ஒரு பெயர், ஒரு சின்னம். ஆறு மாதம் கழித்துப் பாருங்கள்: பெயர் பாதி உரிந்திருக்கும், இல்லையென்றால் பொருளே பரண் மேல் போயிருக்கும். அதே வீட்டில் பாட்டி காலத்து எவர்சில்வர் குடத்தில் வெட்டின பெயர் மட்டும் அப்படியே இருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்பளிப்புப் பொருளில் பெயர் போடுகிற வேலையை, "எவ்வளவு பளிச்சுன்னு தெரியுது" என்று அளப்பது தப்பு. அந்தப் பெயரால் பொருளின் ஆயுள் கூடியதா, குறைந்ததா என்று பார்க்க வேண்டும்.

முதலில் குடம். பாத்திரக்கடையில் பில் போட்டதும் "பேர் வெட்டணுமா?" என்று கேட்பார்கள். பேனா மாதிரி ஒரு மின்கருவி, உள்ளே கம்பிச்சுருள், முனையில் கெட்டியான ஊசி. நம்ம ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காந்தம் இரண்டு தடவை இழுப்பதால், ஊசி விநாடிக்கு 100 தடவை தகட்டைக் குத்தும். நாம் எழுத்து என்று வாசிப்பது உண்மையில் புள்ளிகளின் வரிசை. மை கிடையாது, பசை கிடையாது. தகட்டிலேயே பள்ளம் விழுந்துவிட்டதால், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ஆனால் நுட்பத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வெட்டப்படுவது யார் பெயர் என்பது. வாங்கினவர் பெயர் இருக்கும். சீராக வந்தது என்றால் கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்கும். செய்த கம்பெனியின் முத்திரை அடிப்பாகத்தில் சின்னதாக ஒதுங்கியிருக்கும். கல்யாண வீட்டுக்கு இரவல் போன அண்டா வழி தவறாமல் வீடு திரும்புவது இந்தப் பெயரால்தான். அங்கே பெயர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, பொருளைக் காப்பாற்றுகிற வேலையைச் செய்கிறது.

இப்போது அச்சடித்த பொருட்களுக்கு வருவோம். ஒவ்வொரு அச்சு முறைக்கும் அதற்கென்று ஒரு பரப்பு உண்டு. பருத்தித் துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது, பிக்மென்ட் மையைச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறுக்கினால் அது இழையோடு பிடித்துக்கொள்ளும். துணி மாதிரியே தெரிகிற நான்-ஓவன் பை உண்மையில் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். அது 160 டிகிரியை ஒட்டி உருக ஆரம்பித்துவிடும். அதனால் அந்தச் சூட்டை அதன்மேல் காட்ட முடியாது. போதாததற்கு, அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் மை லேசில் ஒட்டவும் ஒட்டாது. சப்ளிமேஷன் முறையில் சாயம் சுமார் 200 டிகிரியில் ஆவியாகி பாலியெஸ்டருக்குள் புகுந்துகொள்ளும், பருத்தியில் நிற்காது. போட்டோ போட்ட காபி மக்கில்கூட சாயம் இருப்பது பீங்கானில் இல்லை, அதன்மேல் பூசிய பாலிமர் பூச்சில். பூச்சு போனால் படமும் போச்சு.

ஆக, "பிரிண்ட் சரியில்ல" என்று நாம் திட்டுகிற பல இடங்களில் மெஷின்மேல் தப்பில்லை. முறையும் பொருளும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கொடுத்த ஸ்டீல் பாட்டிலில் சின்னத்தை மையால் அச்சடித்திருந்தார்கள். இரண்டே மாதத்தில் நகத்தால் சுரண்டினாலே வந்தது. அதே பாட்டிலின் வண்ணப் பூச்சை லேசரால் நீக்கி, உள்ளே இருக்கிற ஸ்டீலைத் தெரிய வைத்திருந்தால் உரிவதற்கு அங்கே ஒன்றுமே இருந்திருக்காது. என்ன, ஒரே நிறம்தான் கிடைக்கும்.

இந்த "ஒரே நிறம்" என்பதைக் குறையாக நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் கட்ட வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும். அதனால்தான் பழைய ஜவுளிக்கடைப் பையில் மஞ்சள் துணிமேல் சிவப்பிலோ பச்சையிலோ தெளிவான எழுத்து மட்டும் இருந்தது. தூரத்திலிருந்தே வாசிக்கலாம், துவைத்தாலும் நிற்கும். இப்போது டி.டி.எஃப் வந்துவிட்டது. பிலிமில் அச்சடித்து, பசைப்பொடி தூவி, சூட்டில் அழுத்தித் துணிக்கு மாற்றுகிற முறை. எத்தனை நிறம் போட்டாலும் தனி ஸ்கிரீன் செலவு கிடையாது. முறை ஒன்றும் மோசமில்லை. ஆனால் செலவு தடுக்காதபோது யாரும் நிறுத்துவதில்லை: முதலாளி போட்டோ, பத்து கிளைகளின் போன் நம்பர், தள்ளுபடி அறிவிப்பு எல்லாம் ஏறிவிடுகிறது. பை நோட்டீஸாகிவிடுகிறது. நோட்டீஸை யாரும் பத்திரப்படுத்துவதில்லை.

பத்திரப்படுத்துவது அவ்வளவு முக்கியமா? ஆமாம், அதுக்குக் கணக்கு இருக்கிறது. 2018-ல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வு, சாதாரண பிளாஸ்டிக் பையோடு பருத்திப் பையை ஒப்பிட்டது. பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தால், பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்தினால்தான் ஈடாகும். எல்லாச் சுற்றுச்சூழல் அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 தடவை. முதல் எண் எட்டக்கூடியது: வாரம் ஒரு தடவை சந்தைக்குக் கொண்டுபோனால் ஒரு வருஷம். இரண்டாவது எண்ணுக்குத் தினமும் எடுத்துப்போனாலும் 19 வருஷத்துக்கு மேல் ஆகும்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர் 23 அன்று "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கியது. நல்ல நோக்கம், சந்தேகமில்லை. ஆனால் மஞ்சப்பை ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கியதற்குக் காரணம் பிரச்சாரம் இல்லை. பெரும்பாலும் அது கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வந்தது. மணமக்கள் பெயரும் தேதியும் அதில் இருந்தது. அக்கா கல்யாணப் பையை யாரும் லேசில் தூக்கிப் போடமாட்டார்கள். ரேஷன் கடைக்கும் அதுதான், அரிசி மில்லுக்கும் அதுதான். துணிக்கடை பெயரும் அதிலேயே சவாரி செய்தது. அந்தப் பெயரை ஊரெல்லாம் சுமந்து காட்டியது மணமக்கள் பெயர்தான்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் கோவில் டியூப்லைட். "உபயம்" என்று ஆரம்பித்து, குடும்பத்தில் உள்ள எல்லார் பெயரையும் கண்ணாடி மேலேயே பெயின்டில் எழுதி, கடைசியில் வெளிச்சம் வர இடமில்லாமல் செய்துவிடுவார்கள். சிரிக்கிறோம். ஆனால் பையின் இரண்டு பக்கமும் முழு அளவுக்குச் சின்னம் போடுகிற கம்பெனியும் அதையேதான் செய்கிறது. கொடுத்த பொருளின் பயனைக் கொடுத்தவர் பெயர் மறைத்துவிடுகிறது.

"பெயர் தெரியலன்னா எதுக்கு சார் கொடுக்கணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய எழுத்து பரண் மேல் கிடந்தால் அதை வாசிப்பது யார்? ஓரத்தில் விரல் அகலத்துக்கு இருக்கிற பெயர், தினமும் பஸ்ஸில் வந்து போனால், நூறு பேர் கண்ணில் படும்.

பெயரின் ஆயுளும் பொருளின் ஆயுளும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றால், நம் பக்கத்திலேயே அதற்கு உச்சமான உதாரணம் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டில் ஜக்கார்டு அட்டையின் துளைகளைப் பார்த்து இழை மேலே எழும்பி, உருவம் துணிக்குள்ளேயே நெய்யப்படுகிறது. பிரான்சில் 1804 வாக்கில் வந்த அந்த அட்டைதான் பிற்காலத்துக் கம்ப்யூட்டர் பன்ச் கார்டுக்கும் முன்னோடி. என் பிழைப்புக்கே பாட்டன் முறை. நெய்த உருவம் துணி இருக்கிற வரை இருக்கும். ஆனால் டிசைன் மாறினால் அட்டையும் மாற வேண்டும் என்பதால், ஐந்நூறு பைக்கு யாரும் அதைச் செய்யமாட்டார்கள். அது புரிகிறது.

அதனால் ஆர்டர் கொடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு மூன்றே கேள்விகள். இந்தப் பொருளின் மேல் இந்த முறை பிடிக்குமா? பெயர் எத்தனை துவைப்பு, எத்தனை கழுவல் தாங்கும் என்று ஒரு சாம்பிளை வீட்டில் வைத்துப் பார்த்தீர்களா? உங்கள் பெயரோடு வாங்குகிறவர் பெயருக்கும் இடம் விட்டீர்களா? மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. பாட்டிலின் அடியில் கம்பெனி சின்னம், பக்கத்தில் தொழிலாளியின் பெயர் என்று லேசரில் போட்டுக் கொடுத்தால், கேன்டீனில் அது மாறிப்போகாது. மாறாத பாட்டிலை அவர் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்.