ஃபோகோ தீவும் ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட்டும்

கூட்டு ஊடகத் தயாரிப்பைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாகப் படிக்கிறவர்கள் ஏதாவது ஒரு வாரத்தில் ஃபோகோ தீவுக்கு வந்து சேர்வார்கள். பாடம் பெரும்பாலும் நாலே வரியில் முடிந்துவிடும். கேமரா வந்தது, மீனவர்கள் பேசினார்கள், அரசாங்கம் கேட்டது, தீவு பிழைத்தது. அந்த நாலு வரியோடுதான் எனக்குத் தகராறு. அதைப் படித்துவிட்டு அடுத்த வாரமே ஏதோ ஒரு குப்பத்துக்குக் கேமராவோடு கிளம்புகிற மாணவர் அங்கே என்ன பண்ணுவார் என்று யோசித்தால் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கு.

நடந்தது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம்.

ஃபோகோ, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு வடகிழக்கே இருக்கும் தீவு. கரையோர மீன்பிடிப்புதான் பிழைப்பு, அதுவும் தேய்ந்துகொண்டிருந்த காலம். 1954 முதல் 1975 வரை நியூஃபவுண்ட்லாந்தில் சிற்றூர்களைக் காலி செய்து மக்களை வேறு ஊர்களுக்கு நகர்த்தும் திட்டம் நடந்தது. சுமார் 30,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். ஃபோகோ மக்களுக்கு முன்னாலும் அதே கேள்விதான். இருப்பதா, கிளம்புவதா?

1967-ல் கனடா தேசியத் திரைப்பட வாரியம் 'சேலஞ்ச் ஃபார் சேஞ்ச்' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வறுமையைப் பற்றி ஏழைகளையே பேச வைப்பது நோக்கம். அதற்கு முன்னோடியாக வந்த 'தி திங்ஸ் ஐ கேனாட் சேஞ்ச்' மாண்ட்ரியாலின் ஒரு ஏழைக் குடும்பத்தைப் பற்றிய படம். குடும்பத்தாருக்கு முதலில் போட்டுக் காட்டாமலே தொலைக்காட்சியில் ஒளிபரப்பிவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் அந்தக் குடும்பம் கேலிப்பொருளானது. எடுத்தவர்களுக்கு நல்ல எண்ணம்தான், படமும் மோசமில்லை. ஆனால் அடி வாங்கியது படத்தில் இருந்தவர்கள். ஃபோகோவை இந்தக் காயத்துக்குப் பிறகு நடந்த வேலையாகப் பார்க்கணும். அந்த இடத்தை விட்டுவிட்டுச் சொன்னால் கதையில் பாதி போய்விடும்.

ஃபோகோவில் இயக்குநர் காலின் லோ வேறு வழியில் போனார். ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு பல பேரின் பேச்சை வெட்டி ஒட்டினால் ஊருக்குள் சண்டை மூளும் என்பது அவர் கணக்கு. அதனால் ஒரு ஆள் அல்லது ஒரு நிகழ்வு, அதற்கு ஒரு சின்னப் படம். இவற்றை 'செங்குத்துப் படங்கள்' என்றார். இப்படி 27 படங்கள் வந்தன. பேசியவர் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் படம் வெளியே போகும். முதலில் தீவின் ஊர்களில் திரையிட்டார்கள், அப்புறம் மாகாண அமைச்சர்களுக்கு. மீன்வளத் துறை அமைச்சர் சொன்ன பதிலையும் படம் பிடித்துத் தீவுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள்.

'பில்லி கிரேன் மூவ்ஸ் அவே' இந்த வரிசையில் முக்கியமானது. ஒரு மீனவர், தான் ஏன் ஊரை விட்டு டொராண்டோவுக்குப் போகிறேன் என்று சொல்கிறார். அவ்வளவுதான் படம். மறுத்துப் பேச ஒரு அதிகாரி கிடையாது, விளக்கிச் சொல்ல ஒரு பேராசிரியர் கிடையாது. அந்த மனுஷன் தன் வாதத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தானே கட்டிக்கொண்டு போகிறார். 'பாவம்' என்று நம்மால் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சரியாகப் பேசுகிற ஆள்மீது பரிதாபம் வருவதில்லை. ஒன்று ஒத்துக்கொள்ளணும், இல்லை பதில் சொல்லணும். வெட்டாமல் விட்டதன் பலன் இது.

இனி குறைகள். செங்குத்துப் படம் சண்டையைத் தவிர்த்தது உண்மை. ஆனால் எல்லாச் சண்டையும் தவிர்க்க வேண்டியதா என்ன? மீனவருக்கும் மீன் வாங்கும் வியாபாரிக்கும் நடுவில் இருந்தது வெறும் மனத்தாங்கல் கிடையாது, கடன் கணக்கு. ஆளாளுக்குத் தனிப் படம் என்று பிரித்தால் அந்த உறவு சட்டகத்துக்கு வெளியே போய்விடும். ஊர் ஒற்றுமையாகத் தெரிவது ஊருக்கும் நல்லது, பணம் கொடுத்த அரசுக்கும் வசதி.

இரண்டாவது, தலைப்புகளையே பாருங்கள். பில்லி கிரேன், ஆண்ட்ரூ பிரிட், ஜிம் டெக்கர், டான் ராபர்ட்ஸ். பேர் சொல்லி முன்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மூன்றாவது, கேமராவும் கத்திரியும் கடைசிவரை வாரியத்தின் கையில்தான் இருந்தன. தீவு மக்களுக்கு இருந்தது 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை. அது பெரிய உரிமைதான், ஆனால் கூட்டுத் தயாரிப்பு என்ற பெயருக்கு அது மட்டும் போதாது. அதே திட்டத்தின் கீழ் கொஞ்ச காலத்திலேயே மாண்ட்ரியாலில் ஒரு குடிமக்கள் குழுவின் கையிலேயே வீடியோ கேமராவைக் கொடுத்தார்கள். 1969-ல் வந்த 'வி.டி.ஆர். சான் ஜாக்' அந்த அனுபவத்தைப் பதிவு செய்த படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஃபோகோ எங்கே நின்றுவிட்டது என்று புரியும்.

நாலு வரிக் கதை அடியோடு விட்டுவிடுகிற ஒரு ஆள் உண்டு. அது பல்கலைக்கழகம்! நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகம் 1959-லேயே ஒரு விரிவாக்கத் துறையைத் தொடங்கியிருந்தது. படக்குழுவை ஃபோகோவுக்குக் கூட்டிப்போனவர் அதன் இயக்குநர் டொனால்ட் ஸ்நோடன். அந்தத் துறையின் களப்பணியாளர் ஃப்ரெட் ஏர்ல் தீவு மக்களுக்கு முன்பே பழக்கமானவர். தீவு முன்னேற்றக் குழுவும் படத்துக்கு முன்பே இருந்தது. மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தாங்களே படகு கட்டினார்கள். அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. அதைப் படங்கள் உருவாக்கின என்று சொல்வது மிகை. ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்களின் பேச்சைப் படங்கள் ஊருக்கு ஊர் கொண்டுபோயின, அதுவே சின்ன விஷயம் இல்லை.

1991-ல் மெமோரியல் அந்த விரிவாக்கத் துறையை மூடிவிட்டது. செங்குத்துப் படம், முன்கூட்டிய திரையிடல், சம்மதம் எல்லாம் பாடப்புத்தகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வருஷக்கணக்கில் ஊரோடு பழகிக்கொண்டிருந்த சம்பளக்காரரின் வேலைதான் போய்விட்டது. முறை மிஞ்சியது, அதைத் தாங்கி நின்ற அமைப்பு மிஞ்சவில்லை.

இப்போது ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் குழு. ஒருவர் கேமரா, ஒருவர் எடிட்டிங், ஒருவர் ஒலி. கூட்டு என்றால் இவர்களுக்குள்ளே நடப்பது. மார்க் முடிந்த படத்துக்கு. கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர் மதிப்பீட்டுத் தாளில் எங்கேயும் வருவதில்லை. தேர்வு முடிந்ததும் உறவும் முடிந்தது. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, எதற்கு மார்க்கோ அதைத்தானே செய்வார்கள்?

மதிப்பீட்டில் மூணு கேள்வி சேர்த்தாலே நிலைமை மாறும் என்று நினைக்கிறேன். படத்தை முதலில் பார்த்தது யார்? யார் சொல்லி எது வெட்டப்பட்டது? படத்துக்கு யாரிடமிருந்து என்ன பதில் வந்தது? மூன்றாவதுக்கு ஒரு செமஸ்டரில் விடை கிடைக்காமல் போகலாம். அப்படியானால் அடுத்த வருஷ மாணவர்கள் அதே ஊருக்குத் திரும்பப் போகட்டும். இது துறை எடுக்க வேண்டிய முடிவு, ஆசிரியர் ஒருவர் தனியாகச் செய்துவிட முடியாது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. பில்லி கிரேன் படத்தைத் தனியாக மொபைலில் பார்க்காதீர்கள். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பாருங்கள். முடிந்ததும் உடனே அடுத்ததைப் போடாமல் கொஞ்ச நேரம் பேசுங்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் அதை எடுத்தார்கள்.