பாலைவனத்துக்குப் போகும் சுருட்டு: பொட்டலமா, பெட்டியா?

குவைத்திலோ ஜிபூட்டியிலோ பணியில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய்க்குக் கிறிஸ்துமஸ் பரிசாகச் சுருட்டு வாங்குபவர்கள், எந்தச் சுருட்டு என்று கடையில் முக்கால் மணி நேரம் யோசிக்கிறார்கள். அதை எதில் வைத்து அனுப்புவது என்று ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. நான் இருக்கும் நார்ஃபோக் கடற்படை ஊர். டிசம்பர் நெருங்கினாலே அக்கம்பக்கத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். அதனால் இந்த முறை சுருட்டைக் காக்கும் சாமான்களை வாங்கிச் சோதித்துப் பார்த்தேன்: போவேடா ஈரப்பதப் பொட்டலம், பயணத்துக்கான கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி, தீப்பெட்டி அளவு டிஜிட்டல் ஈரமானி.

சுருட்டு ஏன் என்று கேட்பவர்களுக்கு: மத்தியக் கிழக்கில் பல இடங்களில் அமெரிக்கப் படையினருக்கு மது கூடாது. ‘ஜெனரல் ஆர்டர் நம்பர் 1’ என்ற உத்தரவு அதைத் தடுக்கிறது. வேலை முடிந்து நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது கையில் இருப்பது காபியும் சுருட்டும்தான். ஆனால் ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். ஏற்கெனவே பிடிப்பவருக்கு மட்டும் அனுப்புங்கள். பரிசு என்ற பெயரில் யாருக்கும் பழக்கிவிட வேண்டாம்.

எப்போதாவது பிடிக்கும் ஆளுக்கு மைல்டுதான் சரி. காரமான சுருட்டை வெறும் வயிற்றில் இழுத்தால் தலை சுற்றும், வியர்க்கும். காரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் இலை. செடியின் உச்சியில் வெயில் வாங்கி வளரும் ‘லிகேரோ’ இலை காரம். அடியில் இருக்கும் ‘வொலாடோ’ சாது. வெளிநிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கன்னங்கரேலென்று இருக்கும் மதூரோ சில சமயம் இனிப்பாகவும் மென்மையாகவும் இருக்கும். (1887இல் வந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’டில் சாம்பலைப் பார்த்தே திருச்சிச் சுருட்டு என்று ஷெர்லக் ஹோம்ஸ் கண்டுபிடித்தார். அந்த வகைச் சுருட்டைப் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்த மைல்டு சமாசாரமெல்லாம் விளையாட்டாகத்தான் தெரியும்.)

சிக்கல் இங்கேதான். மைல்டு சுருட்டுகளில் பலவற்றுக்கு மேலே சுற்றுவது கனெக்டிகட் ஷேடு இலை. துணிப் பந்தல் போட்டு நிழலில் வளர்ப்பது. வெங்காயச் சருகு போல மெல்லிசு. காய்ந்தால் முதலில் வெடிப்பது இதுதான். காய்ந்த புகையிலை வேகமாகவும் சூடாகவும் எரியும், புகை நாக்கைச் சுடும், கசக்கும். மைல்டு என்று தேடி வாங்கியது போய்ச் சேரும்போது மைல்டாக இருக்காது.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறை பாலைவனத்துக்குச் சளைத்ததல்ல. என் ஈரமானி 20 சதவீதத்துக்கும் கீழே காட்டியது. கடையில் தந்த செலோஃபேன் உறையோடு ஒரு சுருட்டை அந்த அறையில் அப்படியே வைத்தேன். இன்னொன்றைக் கெட்டியான ஃப்ரீசர் ஜிப்லாக் பையில் 69 சதவீத ஈரப்பதம் காக்கும் பொட்டலத்தோடு வைத்தேன். மூன்றாவது பிளாஸ்டிக் பெட்டிக்குள், அதே பொட்டலத்தோடு. சில வாரம் கழித்து எடுத்தபோது வெறும் உறையில் இருந்தது விரலால் அழுத்தினாலே நொறுநொறுவென்றது. நுனியை வெட்டியதும் மேலிலை பாதிவரை கீறிக்கொண்டது. மற்ற இரண்டும் லேசாக அழுங்கி மீண்டன. பையில் 66, பெட்டியில் 68 என்று ஈரமானி காட்டியது. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை நாக்கு கண்டுபிடிக்காது.

பொட்டலத்துக்குள் இருப்பது தண்ணீரும் உப்பும் கலந்த செறிவுற்ற கரைசல். காற்று காய்ந்தால் சவ்வு வழியே ஆவியை விடும், ஈரம் மிஞ்சினால் உறிஞ்சும். தண்ணீர் தெளிப்பதோ மின்சாரமோ தேவையில்லை. முகாமில் இருப்பவர் கவனிக்காமல் விட்டாலும் தன் வேலையைச் செய்யும். 8 கிராம் பொட்டலம் ஐந்தாறு சுருட்டுக்குப் போதும் என்றாலும், பாலைவனத்துக்கு 60 கிராமையே போடுங்கள். உள்ளே இருப்பது கெட்டிப்பட்டுவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள், வாங்குபவருக்குத் தெரிந்திருக்காது.

பெட்டிக்குத் தனி மதிப்பு உண்டு: நசுங்காது. நான் வாங்கியவற்றில் விலை மலிவான ஒன்றின் ரப்பர் வளையம் மூடியில் சரியாக உட்காரவில்லை, ஈரமெல்லாம் கசிந்தது. மூடியபின் ஒரு காகிதத் துண்டை இடுக்கில் நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈரமானி அனுப்புபவருக்குத்தான் உதவும், அங்கே போய் எதற்கு? காசு குறைவென்றால் பையும் பொட்டலமும் போதும், சுற்றிலும் சாக்ஸைத் திணித்துவிடுங்கள். சாக்ஸும் அங்கே தேவைப்படும் பொருள்தான்.

வெயிலில் கிடக்கும் பார்சலுக்கு இன்னொரு ஆபத்து, புகையிலை வண்டு. சூடு ஏறினால் முட்டை பொரிந்து புழு இலையைத் துளைக்கும். பெரிய தயாரிப்பாளர்கள் பலர் உறைய வைத்தே விற்பதால் பயம் குறைவு. சந்தேகம் இருந்தால் பையோடு ஃப்ரீசரில் இரண்டு மூன்று நாள் வைத்து, பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து வெளியே எடுங்கள்.

சுருட்டுகளா? மெக்கானுடோ கஃபே எளிதில் கிடைக்கும், எப்போதாவது பிடிப்பவருக்குப் பயமில்லை. பழகியவருக்குக் கொஞ்சம் சப்பென்றிருக்கும். ஆஷ்டன் கிளாசிக் அதைவிடப் பால்வாசம், பாதாம்வாசம். எனக்குப் பிடித்தது பெர்டோமோ ஷாம்பெய்ன். உள்ளே நிகராகுவா இலை என்பதால் மைல்டிலும் ஒரு பிடிப்பு இருக்கிறது. எதை வாங்கினாலும் சின்ன அளவாக எடுங்கள். ஒரு மணி நேரம் எரியும் நீளச் சுருட்டைப் பிடித்து முடிக்க அங்கே எல்லாருக்கும் நேரம் கிடைக்காது. கியூபச் சுருட்டு வேண்டாம், அமெரிக்காவில் இறக்குமதித் தடை இருக்கிறது.

சிகரெட்டைத் தபாலில் அனுப்ப 2010 முதல் கட்டுப்பாடு உண்டு; சுருட்டுக்கு அது பொருந்தாது. ஆனாலும் சில ராணுவத் தபால் முகவரிகளுக்குப் புகையிலையே கூடாது, தபால் நிலையத்தில் அந்த முகவரியின் அஞ்சல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். முகவரியில் நாட்டின் பெயரை எழுதக் கூடாது. சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்று மட்டும் போடாமல் ‘சுருட்டு, 5’ என்று எழுதுங்கள். நவம்பர் தொடக்கத்திலேயே அனுப்பினால்தான் பண்டிகைக்குள் போய்ச் சேரும். நுனி வெட்டும் கத்தரி வைக்கலாம், லைட்டர் வைக்காதீர்கள். வாயு நிரப்பியது விமானத் தபாலில் போகாது. முகாமில் யாரிடமாவது ஒன்று இருக்கும்.