பாவசங்கீர்த்தன விசாரம்

தமிழெழுத்தில் அச்சேறிப் பழமையாற் சிறந்து விளங்கும் நூல்களுள் 1578-ஆம் ஆண்டிற் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கமும், 1579-இற் கொச்சியில் வெளிவந்த கிரீசித்தியானி வணக்கமும் அறிஞர் பலர்க்குந் தெரிந்தனவே. அவற்றை அடுத்து 1580-இற் கொச்சியிலேயே அச்சிடப்பெற்றது கொம்பெசியொனாயரு என்னும் நூல். இஃது அண்டிரிக்குப் பாதிரியார் வெளிப்படுத்தியது. பாவசங்கீர்த்தனஞ் செய்வார்க்கு வழிகாட்டுவது. அச்சுக்கலை தமிழிற்கு வந்த சின்னாளிலேயே தனக்கெனத் தனிநூலொன்று பெற்றதனால், கத்தோலிக்க சமயத்தில் இவ்வொழுக்கம் எத்துணை முதன்மையுடையதென்பது தெற்றென விளங்கும்.

இதனைப்பற்றி வெளியிலுள்ளார் கூறும் கண்டனம் பெரும்பாலும் ஒன்றே. "பாவஞ்செய்க, குருவின் செவியிற் கூறுக, மன்னிப்புப் பெறுக, மீண்டுஞ் செய்க" என்பதே அச்சமயத்தார் கொள்கையென அவர் நகையாடுவர். இக்கண்டனம் அக்கொள்கையின் நிழலையுந் தொடவில்லை. பிறர் மதத்தை அவர் கூறுமாறே பரபக்கமாக நிறுத்திப் பின்னரே அதன் வன்மை மென்மைகளை ஆராய்தல் நம் நூன்மரபாகலின், அம்முறையே ஈண்டுங் கொள்வாம்.

1551-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25-ஆம் நாள், திரெந்து நகரப் பொதுச்சங்கம் தன் 14-ஆம் அமர்வில் இக்கோட்பாட்டை வரையறுத்தது. பாவியின்பால் நிகழவேண்டுவன மூன்று: செய்த பாவத்திற்கு மனம் நோதல், அதனை வாய்விட்டு உரைத்தல், அதற்குக் கழுவாய் ஆற்றுதல். குருவின்பால் நிகழ்வது பாவத்தினின்றும் விடுவிக்கும் வாக்கு. மனநோவோடு இனி அது செய்யேன் என்னும் உறுதியும் இன்றியமையாதது. அவ்வுறுதியில்லாதான் எத்துணை முறை உரைப்பினும் பயனெய்தான் என்பதே அவர்தங் கொள்கை. கவர்ந்த பொருளை உடையார்க்கு மீட்டளித்தலும் கடனாம். குற்றம் நீங்கிய பின்னும் அதற்குரிய தண்டம் ஒருவாற்றான் எஞ்சிநிற்கும் என்றும் அவர் கூறுவர். ஆகலின், மேற்கூறிய நகையாட்டு ஈண்டுச் செல்லாது.

காசு கொடுத்தாற் பாவம் போம் என்னுங் கூற்றும் ஆராயத்தக்கது. 1517-இல் லூத்தர் எதிர்த்தெழுந்தது தண்டக்குறைப்புச் சீட்டு வாணிகத்தை. அச்சீட்டு மேற்கூறிய எஞ்சிய தண்டத்தைப்பற்றியதன்றிக் குற்றத்தின் மன்னிப்பைப்பற்றியதன்று. அவ்வாணிகம் பெரும்பழியே என்பதில் ஐயமில்லை. அதனாலன்றோ 1567-இற் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் பொருள்பெற்று அக்குறைப்பை வழங்கும் உரிமைகளை அறவே நீக்கினார். அதுபற்றிப் பாவசங்கீர்த்தனத்தையே காசுக்கு விற்பதெனல் ஒன்றன் குற்றத்தை மற்றொன்றன்மேல் ஏற்றுதலாம்.

இனி, இவ்வொழுக்கம் வந்த வழியைச் சிறிது நோக்குவாம். பண்டைத் திருச்சபையிற் கொலை, பிறன்மனை நயத்தல், சமயந்துறத்தல் முதலிய பெரும்பாவங்களுக்கு ஊரறியக் கழுவாய் விதிக்கப்பட்டது. அதுவும் வாழ்நாளில் ஒருமுறையே கிடைப்பது. அதற்கஞ்சிப் பலர் அதனைச் சாங்காலம்வரை ஒத்திவைத்தனர். ஆறாம் நூற்றாண்டு முதல் அயர்லாந்துத் துறவிகள் மறைவில் உரைத்தல், பன்முறை உரைத்தல், ஒவ்வொரு பாவத்திற்கும் இத்துணை நாள் நோன்பென நூலிட்டு வகுத்தல் என்னும் புதுமுறையைப் பரப்பினர். 589-இல் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோச் சங்கம், பன்முறை மன்னிப்புப் பெறும் வழக்கைக் கடிந்து விலக்கிற்று. எனினும் காலப்போக்கில் அதுவே நிலைபெற்றது. 1215-இல் நான்காம் லாத்தரான் பொதுச்சங்கம், அறிவு முதிர்ந்தார் அனைவரும் ஆண்டிற்கொருமுறையேனும் பாவங்களை உரைத்தல் வேண்டுமென விதித்தது. கேட்டதை வெளியிடுங் குருவைப் பதவியினின்று நீக்கி வாழ்நாளெல்லாம் மடத்தில் அடைத்துவைக்கவும் அதுவே கட்டளையிட்டது. எளியோன் ஒருவன் நெஞ்சத்துள் வைத்த மறையை அரசனுங் கேட்டறியலாகாதெனக் காத்த இவ்வரண் போற்றத்தக்கதேயாம்.

அச்சங்கம் குருவை எவ்வாறு உருவகித்தது? புண்ணில் எண்ணெயும் மதுவும் வார்க்கும் கைதேர்ந்த மருத்துவனாக உருவகித்தது. நோயின் காரணத்தை வினவி, நோயாளியின் நிலையறிந்து மருந்திடுதலே அவன் தொழில். திரெந்துச் சங்கமோ, மருத்துவக் கருத்தை முற்றுங் கைவிடாவிடினும், குருவின் வாக்கு நீதிபதியின் தீர்ப்பை ஒத்ததென்பதையே முதன்மையாக நிறுவி, அதனை மறுப்பாரைச் சபித்தது. "இறைவன் உன்னை மன்னிப்பானாக" எனக் குரு வேண்டிக்கொள்ளும் பழைய முறை மேலைத்திருச்சபையில் மாறி, "யான் உன்னை விடுவிக்கின்றேன்" என்னும் வாய்பாடு முன்னரே வேரூன்றியிருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினார் இவ்வாய்பாட்டை நிலைநாட்டத் தனிநூலொன்றே இயற்றினார். கிரேக்கத் திருச்சபையார் வேண்டுதல் முறையையே போற்றிவந்தனர்.

மருத்துவன், நீதிபதி என்னும் இவ்விரு உருவகங்களும் ஒன்றோடொன்று முற்றும் இயையா என்பதே எம் கருத்து. என்னை? நீதிமன்றத்திற் குற்றவாளி குற்றத்தை ஒப்புதலும் தண்டத்தை ஏற்றலுமே வேண்டப்படும். அவன் நெஞ்சம் மாறிற்றா என்பது தீர்ப்பை நிறுத்தாது. மருத்துவத்திலோ நோய் நீங்கினாலன்றி, "நீ நலமுற்றாய்" என மருத்துவன் கூறும் சொல்லாற் பயனொன்றுமில்லை.

இவ்வியையாமை வெளிப்பட்ட இடம் மனநோவைப்பற்றிய வழக்காம். இறைவன்மாட்டு வைத்த அன்பினால் எழுவதை உத்தம மனஸ்தாபம் என்பர். பாவத்தின் இழிவையோ நரகத்தின் கொடுமையையோ எண்ணி எழுவது நிறைவுறாதது. திரெந்துச் சங்கம், பாவவிருப்பத்தை விலக்கியதாயின் இந்நிறைவுறாத மனநோவும் இறைவன் கொடையே என்றும், அது தனித்து மீட்சியளிக்காதாயினும் இவ்வருட்சடங்கில் அருள்பெறத் தகுதியாக்கும் என்றுங் கூறிற்று. அச்சத்தோடு அன்பின் தொடக்கமேனும் வேண்டுமோ என்னும் வினா எஞ்சியது. வேண்டாவென்றனர் ஒருசாரார், வேண்டுமென்றனர் மற்றொருசாரார். பிரெஞ்சுப் பேரறிஞர் பாஸ்கல் 1656-இல் எழுதிய பத்தாங் கடிதத்தில், கடவுளை அன்புசெய்யும் கடனினின்றே மாந்தரை விடுவிக்கின்றீர்களோ எனும் பொருள்பட முன்னையோரைக் கடுஞ்சொல்லாற் சாடினார். 1667-இற் பாப்பரசர் ஏழாம் அலெக்சாந்தர் காலத்து ஆணையொன்று, இருசாராரும் ஒருவரையொருவர் பழித்துரைத்தலாகாதெனத் தடுத்தது. பூசல் அடங்கிற்று, வினாவோ அடங்கிற்றிலது.

அற்றேல், அச்சமும் நன்னெறிக்கு வாயிலன்றோ எனின், அஃதொக்கும். அச்சமயத்தின் பெரியாராகிய அகுஸ்தீனாரே இதற்கோர் உவமை கூறினார். தையலில் வன்மயிர் முற்புகுந்து நூலுக்கு வழிசெய்வதுபோல அச்சம் முற்புகுந்து அன்பிற்கு வழிசெய்யும் என்பது அது. ஆயின் அவர் அவ்வளவில் நின்றாரல்லர். அம்மயிர் வெளிப்போந்தாலன்றி நூல் உட்புகாது என்பதையும் உடன் கூறினார். அச்சமே சாலும் என்பார் மயிரைத் துணியிலேயே விட்டுத் தையல் முடிந்ததென்பாரை ஒப்பர். நரகத்திற்கஞ்சுவோன் நோக்குவது தன்னையே; தன்னால் துன்புற்றானை அவன் இன்னுங் கண்டிலன். பிறன் பொருளை வஞ்சித்துக் கொண்டானொருவன் தண்டத்திற்கஞ்சி அதனை மீட்டளிப்பின் கணக்கு நேராகும், உறவு நேராகாது. தன்னைக் காத்துக்கொள்ளவே அன்றுங் கொண்டான், இன்றுங் கொடுத்தான்.

இத்தடையை அச்சமயத்தாரே உணர்ந்தனர் என்பது பிற்கால வரலாற்றாற் போதரும். 1973-இல் வெளிவந்த புதிய சடங்குமுறை, விடுவிக்கும் வாக்கின்முன் இரக்கத்தின் தந்தையாகிய இறைவனை முன்னிட்ட வேண்டுதலை அமைத்தது. 1984-இற் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் தம் நிருபத்தில், இஃது இரக்கத்தின் நீதிமன்றமும் ஆன்ம மருத்துவமுமாமென இரண்டனையும் ஒருங்கே கூறினார். தமிழ்க் கத்தோலிக்கர் இன்று ஒப்புரவு அருட்சாதனம் என வழங்குகின்றனர். பாவத்தைக் கூறுதலைக் குறித்த பெயர்போய், பிரிந்தாரைக் கூட்டுதலைக் குறித்த பெயர் வந்தது. திருவள்ளுவனார் ஓரதிகாரத்திற்கு வைத்த ஒப்புரவென்னுஞ் சொல் ஈண்டுப் புதுப்பணி பூண்டது நோக்கத்தக்கது.

ஆயினும் பெயர் மாற்றம் பொருள் மாற்றமாகாது. உரைத்தலும் கேட்டலும் விடுவித்தலும் எல்லாம் முறைப்படி நிகழ்ந்தும், உரைத்தவன் தன்னையே நோக்கித் திரும்புவனேல் ஒப்புரவு நிகழ்ந்ததில்லை. தன்னாற் புண்பட்டானை நோக்கித் திரும்புவனேல் நீதிபதியின் தொழில் முடிந்து மருத்துவனின் தொழில் பலித்ததாம். இவ்வொழுக்கத்தைப் பழிப்பாரும் புகழ்வாரும் உரைகல்லாகக் கொள்ளற்பாலது இதுவே என்க.