கல்லடியில் காத்திருக்கும் முத்திரை

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. மரங்கள் அதிகமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்பும் பச்சையும் கலந்த புல். இடையிடையே ஊதாப் பூக்கும் ஹெதர்ப் புதர்கள். குன்றுகளின் உச்சியில் பிளவுபட்டு, காற்றில் தேய்ந்து நிற்கும் கருங்கல் பாறைகள். இந்தப் பாறை முடிகளை அங்குள்ளவர்கள் ‘டோர்’ என்கிறார்கள். ஏதோ ஒரு டோரின் சரிவில், ஏதோ ஒரு கல்லின் அடியில், கைக்கடக்கமான டப்பா ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு சிறு நோட்டு, ஒரு ரப்பர் முத்திரை. அவ்வளவுதான். அந்த முத்திரையைத் தன் நோட்டில் ஒருமுறை பதித்துக்கொள்வதற்காக மழையிலும் பனிமூட்டத்திலும் ஆட்கள் மைல் கணக்கில் நடக்கிறார்கள். லெட்டர்பாக்ஸிங் என்று பெயர். அவசரமாகச் சொன்னால் விளையாட்டு என்று கடந்துவிடலாம். பக்கத்தில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் இதன் நுட்பமும் நாகரிகமும் தெரியும். வாருங்கள், பார்ப்போம்.

1854இல் தொடங்கியது இது. சாக்ஃபோர்டு என்ற சிற்றூரில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி இருந்தார். மேட்டுநிலத்தின் வட பகுதியில், எந்தப் பாதையும் ஒழுங்காகப் போய்ச் சேராத கிரான்மியர் பூல் என்ற இடத்துக்கு ஆட்களை அழைத்துப் போவார். பெயரில்தான் குளம், இருப்பது கரிய சதுப்பு மண்ணில் ஒரு பள்ளம். அதன் சுற்றுவட்டாரத்தில்தான் டார்ட் உட்படச் சில ஆறுகள் பிறக்கின்றன. ஓக்ஹாம்ப்டன் ஊரின் மேயராக இருந்த ஒருவருடைய ஆவி, இந்தக் குளத்தைச் சல்லடையால் இறைத்து வற்றவைக்கும்படி சபிக்கப்பட்டதாக ஒரு கதையும் உண்டு. அவ்வளவு தனிமையான இடம். பெரட் அங்கே கற்களைக் குவித்து, அதில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுத் திரும்பலாம்.

இந்தச் சின்ன ஏற்பாட்டில் எத்தனை நயம்! சேற்றில் கால் புதைய நடந்து ஓரிடத்தை அடைந்தவருக்கு ‘நானும் வந்தேன்’ என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கும். அந்த ஆசையில் பாறையில் பெயரைக் கீறிவிட்டுப் போவதை எங்கும் பார்க்கிறோம். பெரட்டின் குப்பி அந்த ஆசையையும் மதித்தது, பாறையையும் காப்பாற்றியது.

பின்னாளில் பெயர் அட்டையின் இடத்துக்குத் தபால் அட்டை வந்தது. தன் முகவரியையே எழுதி, தபால்தலை ஒட்டி, பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருபவர் அதை எடுத்துப் போய் ஏதாவதோர் ஊரில் தபாலில் சேர்ப்பார். தன் அட்டை தனக்கே எப்போது வந்து சேர்கிறது, எந்த ஊர் முத்திரையோடு வருகிறது என்று காத்திருக்கலாம். அட்டை வரத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அந்தப் பள்ளத்தில் ஆள் நடமாட்டமே இல்லை என்று பொருள். ஒரு நிலத்தின் தனிமையை இவ்வளவு மென்மையாக அளந்து சொல்லும் கருவி வேறொன்று எனக்குத் தெரியவில்லை. கிரான்மியரில் 1937இல் கல்லாலேயே ஒரு பெட்டி கட்டினார்கள். மறு ஆண்டு, டார்ட்மூரைப் பற்றி 1909இல் பெரிய வழிகாட்டி நூல் எழுதிய வில்லியம் கிராஸிங்கின் நினைவாக டக்ஸ் பூல் என்ற இடத்தில் ஒன்று வந்தது. பிறகு நிலமெங்கும் பெருகிவிட்டன. 100 பெட்டிகளைக் கண்டுபிடித்தவர்களுக்கென்று அங்கே ஒரு சங்கமே இருக்கிறது.

இப்போது முத்திரையைக் கையில் எடுங்கள். கடையில் செய்து வாங்கியவையும் உண்டு; மனத்தைப் பறிப்பது கையால் செதுக்கியதுதான். பள்ளிப் பிள்ளைகள் பையில் கிடக்கும் அழிரப்பரே இதற்குப் போதும். முதலில் காகிதத்தில் பென்சிலால் படம் வரைவார்கள். அதைக் கவிழ்த்து ரப்பரின் மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் பென்சில் கரி ரப்பரில் ஒட்டிக்கொள்ளும், இடம் வலமாக மாறி. மாறத்தான் வேண்டும், மை தொட்டு அச்சிடும்போது அது மறுபடி நேராகிவிடும். அப்புறம் நுனி ‘வி’ வடிவில் இருக்கும் சிற்றுளி. கோட்டை நிற்கவிட்டு, சுற்றியுள்ளதை மட்டும் சீவி எடுக்க வேண்டும். கோட்டின் இருபுறமும் வெளிநோக்கிச் சரிவாகச் சீவினால்தான் அடி அகலமாக நின்று தாங்கும். உள்நோக்கிக் குடைந்துவிட்டால் நாலு முறை அழுத்துவதற்குள் கோடு பிய்ந்துவிடும். வளைவு வரும்போது தேர்ந்த கை உளியைத் திருப்பாது. உளியை அப்படியே நிறுத்தி ரப்பரைத் திருப்பும். டார்ட்மூரில் திரியும் மட்டக்குதிரையின் பிடரி மயிர் காற்றில் பறப்பதை ஒரு முத்திரையில் காட்ட வேண்டுமென்றால், மயிரிழை போன்ற அந்த ஒவ்வொரு கோடும் இப்படிப் பிறக்க வேண்டும். புடவைக்கு அச்சுக்கட்டை செதுக்குபவரின் பொறுமைதான் இதற்கும் வேண்டும். இத்தனையும் செய்தவர் அதைக் கொண்டுபோய் மலைச்சரிவில் ஒரு கல்லின் கீழே வைத்துவிட்டு வருகிறார், முகம் தெரியாத யாருக்கோ.

தேடி வருபவரும் வெறுங்கையோடு வருவதில்லை. அவருக்கென்று ஒரு முத்திரை, ஒரு நோட்டு, ஒரு மைப்பெட்டி. தன் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் பதிக்கிறார். பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்கிறார். பலர் இதற்கென்று புனைபெயர் வைத்துக்கொள்வார்கள். நோட்டைப் புரட்டினால் ஒரு பக்கத்தில் ஆந்தை, அடுத்த பக்கத்தில் பழைய பூட்ஸ், அதற்கடுத்து ஒரு தேநீர்க் கோப்பை; கூடவே தேதியும், ‘பலத்த மழை, ஆனாலும் வந்தோம்’ என்பதுபோல் ஒரு வரியும். நேரில் ஒருவரையொருவர் பார்த்திராத ஒரு கூட்டமே அந்த நோட்டில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது.

பெட்டியைக் கண்டுபிடிக்கத் தரும் குறிப்புகளும் அழகுதான். தூரத்து டோர் இத்தனை டிகிரியில், தனிமரம் அத்தனை டிகிரியில், அங்கிருந்து பெரிய பாறையை நோக்கிப் பத்துப் பன்னிரண்டு தப்படி என்பது போல் இருக்கும். திசைகாட்டியை வைத்து முதல் திசையைப் பிடித்தால் நிலத்தின் மேல் ஒரு கோடு கிடைக்கிறது. நாம் அதன்மேல் எங்கோ இருக்கிறோம். இரண்டாவது திசையைப் பிடித்ததும் இரு கோடுகளும் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. பரந்து கிடந்த அந்த வெளி முழுவதும் நம் காலடிக்குச் சுருங்கி வந்துவிடும் அந்தக் கணத்தை வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள் அனைவரும் அனுபவிக்க வேண்டும். சில பெட்டிகளுக்கு அச்சில் எந்தக் குறிப்பும் கிடையாது. வாய்மொழியாகத்தான் தெரியவரும், யாரோ ஒருவர் நம்மை நம்பிச் சொன்னால்தான் உண்டு. எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம்.

அமெரிக்காவில் 1998இல் ஸ்மித்சோனியன் இதழில் வந்த கட்டுரை ஒன்று இந்தப் பழக்கத்தை அங்கே பரப்பியது. அதற்கு இரண்டே ஆண்டுகளில் இதன் தங்கை பிறந்தாள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்குத் தந்த குறிகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு கலக்கத்தைச் சேர்த்து வைத்திருந்தது. கருவி காட்டும் இடம் நூறு மீட்டர்வரை தள்ளிப்போகும். 2000 மே 2 அன்று அந்தக் கலக்கத்தை நீக்கினார்கள். மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே டேவ் அல்மர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டில் பாதி புதைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். உள்ளே ஒரு நோட்டு, பென்சில், புத்தகங்கள், ஒரு கவண், பீன்ஸ் டின் ஒன்று. கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் வையுங்கள் என்பதே விதி. சில நாட்களுக்குள் ஆள் தேடி வந்துவிட்டார். அந்த மாத முடிவுக்குள் ஜியோகேச்சிங் என்ற பெயரும் வந்துவிட்டது. இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. எறும்பு தேடி வரும் என்பதால் உணவுப் பொருள் மட்டும் இப்போது வைப்பதில்லை.

செயற்கைக்கோள் வழி காட்டினால் தேடலில் சுவை ஏது என்று கேட்கலாம். சுவை இருப்பது கடைசி எண்ணில். இந்த விளையாட்டில் இடத்தை டிகிரியாகவும் நிமிடமாகவும், நிமிடத்தை ஆயிரத்தில் ஒரு பங்குவரை பிரித்தும் எழுதுவார்கள். அட்சரேகையில் அந்தக் கடைசி எண் ஒன்று மாறினால் நிலத்தில் இரண்டு மீட்டர்கூட நகராது. ஆனால் நம் கைப்பேசியோ மரநிழலில் ஐந்து பத்து மீட்டர் தடுமாறும். ஆக, செயற்கைக்கோள் நம்மை ஒரு மரத்தடிவரை கொண்டுவந்து விட்டுவிட்டு விலகிக்கொள்கிறது. மிச்சம் நம் கண்தான். எந்தச் சுள்ளிகள் தாமாக விழுந்தவை, எவை ஒரு கை அடுக்கியவை? வேலியில் வரிசையாக இருக்கும் திருகாணிகளில் ஒன்று மட்டும் ஏன் துருவேறாமல் இருக்கிறது? மெல்ல இழுத்தால், காந்தத்தால் ஒட்டியிருந்த அது கையோடு வந்துவிடும். உள்ளே சுருட்டிய காகிதம். ஒளித்து வைப்பவரின் கலை இங்கேதான் ஒளிர்கிறது. தெரியாதவர் கண்ணில் படக் கூடாது, தேடி வந்தவரைக் கைவிடவும் கூடாது.

அந்தக் கருணை, துணைக்குறிப்பு எழுதும் முறையிலும் தெரிகிறது. ஆங்கில எழுத்துகள் 26. ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதற்குப் 13 இடம் தள்ளியிருக்கும் எழுத்தைப் போட்டு அந்தக் குறிப்பை மறைத்து வைப்பார்கள். மறுபடி 13 இடம் தள்ளினால் பழைய சொல் திரும்பிவிடும். பூட்டும் திறவுகோலும் ஒன்றே. யாரையும் திணறடிக்க வைத்த பூட்டு அன்று இது. தானாகத் தேடிப் பார்க்க விரும்புபவரின் கண்ணில் விடை தவறிப்போய்ப் பட்டுவிடக் கூடாதே என்று தொங்கவிட்ட மெல்லிய திரை.

பெட்டிகளில் அளவு பல. பழைய ராணுவத் தோட்டாப் பெட்டியிலிருந்து விரல்நுனியில் நிற்கும் நானோ டப்பாவரை இருக்கின்றன. பெரியவற்றில் சில சமயம் எண் பொறித்த உலோகத் தகடு ஒன்று கிடக்கும். கிடைத்தவர் அதை எடுத்துப்போய் வேறோர் ஊர்ப் பெட்டியில் வைப்பார், அங்கிருந்து இன்னொருவர். அப்படிப்பட்ட ஒரு தகடு 2013இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே போய்ச் சேர்ந்தது. பெட்டியே இல்லாத வகையும் உண்டு. அமெரிக்க நிலவியல் சங்கத்தின் துணையோடு 2004 முதல் வளர்ந்த எர்த்கேச்சில் எடுக்க எதுவுமே இருக்காது. பாறை மடிப்பையோ நீர்வீழ்ச்சியையோ உற்றுப் பார்த்துச் சில கேள்விகளுக்கு விடை எழுதினால் போதும். பார்ப்பதே பரிசு என்று சொல்லும் அந்த எண்ணம் எவ்வளவு உயர்ந்தது!

எல்லாவற்றையும்விட எனக்கு அருமையாகப் படுவது, கடைசியில் வரும் ஒரு செயல். கையெழுத்துப் போட்டாயிற்று. டப்பாவை அழுத்தி மூடி, இருந்த இடத்திலேயே, இருந்த சாய்விலேயே வைத்து, அந்தக் கல்லையும் பாசி படிந்த பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும். நமக்குக் கிடைத்த அதே மகிழ்ச்சி அடுத்தவருக்கும் குறையாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காக, வந்த சுவட்டை அழித்துக்கொண்டு திரும்புகிறோம்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கைப்பேசியில் ஜியோகேச்சிங் செயலி ஒன்று போதும். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினம், நடக்கும் கடினம் என்று தனித்தனியே 1 முதல் 5 வரை நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள். இரண்டும் 2க்குள் இருக்கும் பெரிய டப்பாவாகப் பார்த்து முதலில் போங்கள். சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களுக்குப் பூங்காக்களிலேயே நிறையக் கிடைக்கும், தமிழ்நாட்டில் குறைவு. புதிதாக ஒளித்து வைக்க விரும்பினால் இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். ரயில் நிலையம், கோயில், தொல்லியல் சின்னம், வனத்துறை நிலம் பக்கம் போகவே வேண்டாம். கேட்பாரற்ற பெட்டி பார்ப்பவரை அச்சுறுத்தும். டார்ட்மூருக்கே போகிறவர்கள், வட பகுதியில் ராணுவம் சுடும் பயிற்சி நடத்தும் நாள்களை விசாரித்துக்கொண்டு போங்கள். சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே நுழையக் கூடாது. கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். ஈரக் காகிதத்தில் பேனா எழுதாது, நானோ டப்பாவுக்குள் பென்சில் வைக்க இடமும் கிடையாது.