மார்ஜியின் உபாத்தியாயர்

ஐஸக் அஸிமாவ் எழுதிக் குவித்தவர். அந்தக் குவியலில் மூன்று நான்கு பக்கமே வரக்கூடிய ஒரு சிறு கதை, 1951-இல் குழந்தைகளுக்கான பத்திரிகைப் பக்கம் ஒன்றுக்காக எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் ‘தி ஃபன் தே ஹாட்’ என்று பெயர். ‘அவர்களுக்கு எத்தனை குதூகலம்’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 2006-இல் வெளிவந்த மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் அதுவே முதல் பாடம். ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் அதைப் பரீட்சைக்காகவாவது படித்திருக்கிறார்கள். பரீட்சைக்குப் படித்த கதையைப் பிறகு யாரும் கதையாகப் படிப்பதில்லை. அதனால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கதை நடப்பது 2157-இல். பதினொரு வயது மார்ஜிக்குப் பள்ளிக்கூடம் என்பது படுக்கையறைக்கு அடுத்த அறை. உபாத்தியாயர் ஒரு யந்திரம். திரையில் பாடம் வரும், கேள்வி வரும். விடையை ஒரு துவாரத்தில் போட்டால் மதிப்பெண் உடனே வந்துவிடும். அவளுடைய நண்பன் டாமி, தன் வீட்டுப் பரணில் ஓர் அச்சுப் புத்தகத்தைக் கண்டெடுக்கிறான். அதிலிருந்து பழங்காலத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி மார்ஜி தெரிந்துகொள்கிறாள். மனிதரே வாத்தியாராக இருந்தார், பிள்ளைகள் ஒன்றாகக் கூடிச் சிரித்துப் படித்தார்கள் என்று எண்ணி ஏங்குகிறாள். அவ்வளவுதான் கதை.

யந்திரம் மோசம், மனித வாத்தியார் மேல் என்று இதற்கு நீதி சொல்வது சுலபம். கதையின் முடிவும் அதற்கு இடம் கொடுக்கிறது. என் அபிப்பிராயத்தில் அந்த முடிவுதான் கதையின் பலவீனம். பழைய பள்ளிக்கூடத்தில் சிரிப்பு மட்டுமா இருந்தது? பிரம்பும் இருந்தது, கடைசி பெஞ்சும் இருந்தது. வாத்தியாரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத பிள்ளை மக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டு படிப்பை விட்டது. மார்ஜிக்கு இதெல்லாம் தெரியாது. அஸிமாவ் கிண்டலாகத்தான் முடித்தார் என்று வாதிக்கலாம். அப்படியானால் அந்தக் கிண்டல் நம் காதில் சரியாக விழவில்லை.

கதையின் உயிர் இருப்பது நடுவில். மார்ஜி பூகோளத்தில் பரீட்சைக்குப் பரீட்சை மோசமாகிக்கொண்டு வருகிறாள். தாயார் கவலைப்பட்டு ஜில்லா இன்ஸ்பெக்டரை வரவழைக்கிறாள். குட்டையாய், சிவந்த முகத்துடன் ஒரு மனிதர் ஒரு பெட்டி நிறையக் கருவிகளோடு வருகிறார். மார்ஜியைப் பார்த்துச் சிரித்து, ஓர் ஆப்பிள் பழம் கொடுக்கிறார். யந்திரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, குழந்தையின் மேல் தப்பில்லை, பூகோளப் பகுதிதான் சற்று வேகமாக ஓடுகிறது என்று தாயாரிடம் சொல்கிறார். பத்து வயதுக்குத் தக்கபடி வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் போகிறார்.

மார்ஜி தவறுகிறாள் என்பது யந்திரத்துக்குத் தெரிந்திருந்தது. ஏன் தவறுகிறாள் என்று கண்டுபிடிக்க ஒரு மனிதர் வர வேண்டியிருந்தது. ரிப்பேர்க்காரராக வந்தாலும் இந்தக் கதையில் உபாத்தியாயர் அவர்தான். அஸிமாவ் தெரிந்து எழுதினாரோ, கைபோன போக்கில் எழுதினாரோ, அந்த அரைப் பக்கத்துக்காக இந்தக் கதையை மதிக்க வேண்டும்.

நம் காலத்தில் நடந்திருப்பது அதையே உறுதிப்படுத்துகிறது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு அரசாங்கம் 2008 முதல் ஏழைப் பள்ளிகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வழங்கிற்று. 319 கிராமப் பள்ளிகளை வைத்து ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். பதினைந்து மாதங்களுக்குப் பிறகும் கணக்கிலோ மொழியிலோ முன்னேற்றம் தென்படவில்லை. யந்திரம் வந்து சேர்ந்தது. ஆப்பிள் கொடுக்கும் மனிதர் வந்து சேரவில்லை.

2015-இல் டெல்லியில் வேறு விதமாக நடந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி நேரத்துக்குப் புறம்பே, கணினி ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் அறிந்து அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கிற்று. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல பலன் கண்டது. ஒன்றரை மணி நேர வகுப்பில் பாதிதான் கணினி. மறுபாதி, சிறு குழுவாக உட்கார்ந்து ஒரு மனிதரிடம் படித்தது. வேகத்தைக் குறைக்கத் தெரிந்த யந்திரமும் பக்கத்தில் ஒரு மனிதரும் சேர்ந்தால் பலன் உண்டு என்றே இதிலிருந்து கொள்ளலாம்.

அந்த மனிதரைத் தயார் செய்வது எப்படி? இந்திய அரசு 2019-இல் தொடங்கிய ‘நிஷ்டா’ ஆசிரியர் பயிற்சி, கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2020-இல் ‘தீக்ஷா’ என்ற இணையதளத்துக்கு மாறிற்று. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பதினெட்டுப் பாடங்கள். காணொளி, கேள்வி, முடித்தவர்க்குச் சான்றிதழ். அப்போது வேறு வழியில்லைதான். ஆனால் பயிற்சி அவ்வளவோடு நின்றுவிட்டால், வாத்தியாரையும் மார்ஜியின் அறையில் தனியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தியதாகிவிடும்.

ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழித்து, ஒரு குழந்தை முப்பத்தைந்து என்று எழுதுகிறது. தப்பு என்று திரை காட்டிவிடும். மேலே இருக்கிற இரண்டைக் கீழே இருக்கிற ஏழிலிருந்து கழித்திருக்கிறது என்று நல்ல கணினி கண்டுபிடித்தும் சொல்லலாம். அதற்குமேல், “எப்படிம்மா போட்டே?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டும் பொறுமை ஒருவருக்கு வேண்டும். அந்தப் பொறுமையை இன்னொரு நல்ல ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துத்தான் பழக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், செலவும் பிடிக்கும். மடிக்கணினி வாங்கியதைப் போலப் படம் எடுத்துக் காட்டவும் முடியாது.

இது பெரிய கதை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் இதைப் பாடமாக வைக்கலாம். பழைய பள்ளிக்கூடத்தை எண்ணி மார்ஜி ஏங்குவதை அங்கே வேகமாகக் கடந்துவிடலாம். குழந்தையின் மேல் தப்பில்லை என்று அந்த இன்ஸ்பெக்டர் சொல்லும் இடத்தில் ஒரு நாள் முழுவதும் நிற்கலாம்.