விசாரித்து எழுதும் கடிதம்

ஆங்கிலத்தில் விசாரித்து எழுத மாதிரி தேடுகிறவர்களுக்கு, கும்பகோணத்தில் வளர்ந்த ஒரு குமாஸ்தாவின் கடிதத்தைக் காட்டுவேன். சென்னைத் துறைமுக அலுவலகத்திலிருந்த ராமானுஜன் 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதியது.

தொடக்கம் அந்தக் காலத்துக் கச்சேரி ஆங்கிலம்தான். ஆனால் கும்பிடு ஒரு வாக்கியத்தோடு சரி. அதற்குள்ளேயே உத்தியோகமும் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளமும் வந்துவிடுகின்றன. சர்வகலாசாலைப் படிப்பில்லை என்பதை மறைக்கவில்லை. சரக்கும் கூடவே போகிறது: பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். நான் ஏழை, இவற்றுக்கு மதிப்பிருந்தால் பிரசுரமாக வேண்டும் என்கிறார். ஹார்டி பிப்ரவரி 8-ஆம் தேதி பதில் எழுதி, நிரூபணங்களைக் கேட்டார்.

குறுவைக்குப் பம்புசெட் விலை கேட்டுக் கோயமுத்தூருக்கு எழுதும் நம் தஞ்சாவூர் மிராசுதார், இன்று மின்னஞ்சலிலும் நாலு வரி வணக்கம் வைக்கிறார். போர் எத்தனை அடி என்பதை விட்டுவிடுகிறார். மாதிரிக் கடிதப் புஸ்தகம் பணிவைச் சொல்லிக்கொடுக்கிறது, கேட்கச் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஒன்றையும் சொல்ல வேண்டும். ராமானுஜன் அதற்கு முன் வேறு பேராசிரியர்களுக்கும் எழுதினார்; பலிக்கவில்லை. எவ்வளவு நல்ல கடிதமானாலும், பிரித்துப் படிக்க ஒரு ஹார்டி வேண்டும். அதற்கு எந்தப் புஸ்தகத்திலும் மாதிரி இல்லை.