வீட்டுக் கிட்டாருக்கு நான்கு சுவிட்ச் போதும்

லேப்டாப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வைத்து வீட்டில் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தத் தொல்லை வந்தே தீரும். சரணம் முழுக்க கிளீன் டோன். பல்லவி திரும்பும்போது ட்ரைவ் ஏற வேண்டும். வலது கை கம்பியை விட்டு மவுஸுக்குப் போகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டு அரை நொடிதான். மவுஸைப் பிடித்து, திரையில் அந்தச் சின்னப் பொத்தானைத் தேடி அழுத்தி, பிக்கை மறுபடி விரலுக்குள் சரிசெய்வதற்குள் ஒரு பார் போய்விடும். இப்படியே மாதக்கணக்கில் பழகினால், டோன் மாறுகிற இடத்தில் வாசிப்பை நிறுத்துவதும் பாட்டோடு சேர்ந்தே மனப்பாடமாகிவிடும். அந்த வேலையைக் கையிடமிருந்து பிடுங்கிக் காலிடம் கொடுப்பதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன்.

மிடி ஃபுட் கன்ட்ரோலர் வாங்கலாம் என்ற முடிவு ஆகவே நல்ல முடிவு. அதைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் கோளாறு. "எத்தனை சுவிட்ச்?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. விலையைச் சுவிட்சுகளின் எண்ணிக்கையால் வகுத்து, எது லாபம் என்று பார்க்கிறோம். வாரத்துக்கு நான்கு மேடை ஏறுகிறவருக்கு அந்தக் கணக்கு சரிவரலாம். வீட்டுக்குச் சரிவராது.

இந்தப் பெட்டிக்குள் ஒலி எதுவும் இல்லை. கிட்டாரின் சிக்னல் இதன் வழியாகப் போவதே இல்லை. மிதித்தால் எண்கள் போகின்றன, அவ்வளவுதான். லைன் 6 நிறுவனத்தின் ஹெச்.எக்ஸ். ஸ்டாம்ப் பெடலில் இரண்டாவது ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது பிரீசெட்டுக்குள் சேமித்து வைத்த இரண்டாவது டோன் நிலைக்கு, மாற வேண்டுமென்றால் கன்ட்ரோலர் அனுப்ப வேண்டியவை மூன்றே எண்கள்: 176, 69, 1. முதலாவது, 'முதல் சேனலுக்கு ஒரு கன்ட்ரோல் சேஞ்ச் வருகிறது' என்ற அறிவிப்பு. 69 என்பது ஸ்னாப்ஷாட்டுக்கு லைன் 6 ஒதுக்கியிருக்கும் எண். கடைசி 1, இரண்டாவது ஸ்னாப்ஷாட். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் இப்படி. புதிதாக வாங்கியவர்கள் முதல் நாள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தப் பூஜ்யத்தில்தான். கன்ட்ரோலரில் 5 என்று போட்டால் எதிர்முனையில் 6 திறக்கும்.

விலை குறைந்த கன்ட்ரோலர் பெடலுக்கு ஆதரவான ஆகப் பெரிய வாதமும் இங்கேதான் இருக்கிறது. மிடி 1983இல் வெளிவந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புராஃபெட்-600ஐயும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-6ஐயும் ஒரு கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றையொன்று போட்டியாகப் பார்த்த நிறுவனங்கள் ஒரே மொழியைப் பேச ஒப்புக்கொண்டன. அதற்காக உழைத்த சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. நொடிக்கு 31,250 பிட் என்ற வேகம் அன்றே நிர்ணயமானது. இன்றைய கணக்கில் அது மிகக் குறைவு. ஆனாலும் மூன்று எண்கள் போய்ச்சேர ஒரு மில்லி நொடிகூட ஆகாது. இதைச் செய்ய விலை உயர்ந்த சிப் எதுவும் வேண்டாம். மலிவான பெடல் அனுப்பும் 176, 69, 1க்கும், பத்து மடங்கு விலையுள்ள பெடல் அனுப்பும் 176, 69, 1க்கும் எள்ளளவும் வித்தியாசமில்லை. 'விலை குறைந்தால் டோன் குறையும்' என்ற பயத்தை இந்த ஒரு பொருளில் முழுவதுமாக விட்டுவிடலாம்.

அப்படியானால் மலிவான பெடல் எதில் மிச்சம் பிடிக்கிறது? என்னைப் பொறுத்தவரை, எதிர்முனையின் நிலையைத் தெரிந்துகொள்வதில். வாங்குவதற்கு முன் யாரும் அதிகம் பேசாத விஷயம் இதுதான்.

ட்ரைவை ஏற்றி இறக்க ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஒருமுறை மிதித்தால் 127, மறுமுறை மிதித்தால் 0. பெரும்பாலான மலிவுப் பெடல்கள் இந்த 127ஐயும் 0வையும் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி எண்ணிக்கொள்கின்றன. எதிர்முனையில் என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை. தபால் பெட்டியில் கடிதம் போடுவதைப் போன்ற ஒருவழிப் பேச்சு. இப்போது லேப்டாப்பில் டோனை உருவாக்கும் பிளக்-இன்னில் வேறு பிரீசெட்டுக்குப் போகிறோம். அந்தப் பிரீசெட்டில் ட்ரைவ் ஏற்கெனவே ஏறியே இருக்கிறது. பெடலின் கணக்கிலோ அது இறங்கி இருக்கிறது. மிதித்தால் 127 போகிறது. ஏறியிருப்பதையே மறுபடி ஏற்றச் சொல்கிறது. ஒலியில் மாற்றமில்லை, ஆனால் பெடலில் விளக்கு எரிகிறது. இன்னொரு முறை மிதித்தால்தான் ட்ரைவ் இறங்கும். சுவிட்ச் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். சுவிட்ச் நன்றாகவே இருக்கிறது. விளக்குதான் தவறான தகவல் தருகிறது.

இதற்கு மருந்து அதிக விலையில்தான் கிடைக்கும் என்றில்லை. ஏற்று-இறக்கு என்ற முறையையே கைவிட்டு, ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு நிலையான கட்டளையைக் கொடுத்துவிடலாம். முதல் சுவிட்ச் எப்போதும் கிளீன், இரண்டாவது எப்போதும் கிரஞ்ச், மூன்றாவது எப்போதும் சோலோ. ஸ்னாப்ஷாட், சீன் என்று எந்தப் பெயரில் இருந்தாலும், ஒரு பிரீசெட்டுக்குள் முழு நிலையையும் ஒரே கட்டளையில் மாற்றும் வசதி எதிர்முனையில் இருந்தால், ஒருவழிப் பேச்சு ஒரு குறையாகவே தெரியாது. எத்தனை முறை மிதித்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். நான்காவது சுவிட்ச் டியூனருக்கோ லூப்பருக்கோ. வீட்டுக்கு நான்கு போதும் என்று நான் சொல்வது பணத்தை மிச்சம் பிடிக்க மட்டுமல்ல. நான்கை மட்டும் வைத்துக்கொள்ளும்போதுதான் டோனைப் பாட்டின் பகுதிகளாக யோசிக்கப் பழகுகிறோம். பத்து சுவிட்ச் இருந்தால் பத்து எஃபெக்ட்டுகளைப் பரப்பி வைக்கத்தான் தோன்றும்.

தேவையில்லாத சுவிட்சுகளில் வீணாவதைவிட இணைப்பு விஷயத்தில் வீணாகும் பணம் அதிகம். யூ.எஸ்.பி.யில் ஒரு முனை முதலாளி, மறுமுனை தொழிலாளி. லேப்டாப் முதலாளி, கன்ட்ரோலர் தொழிலாளி, மல்டி-எஃபெக்ட்ஸ் பெடலும் தொழிலாளி. இரண்டு தொழிலாளிகளை ஒரு கேபிளில் கோத்தால் எதுவும் நடக்காது. யூ.எஸ்.பி. துளை மட்டுமே உள்ள கன்ட்ரோலரை வாங்கிவந்து, மல்டி-எஃபெக்ட்ஸின் யூ.எஸ்.பி. துளையில் செருகி, வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. நடுவில் ஒரு லேப்டாப்போ யூ.எஸ்.பி. ஹோஸ்ட் பெட்டியோ வேண்டும். அந்தப் பெட்டியின் விலையையும் சேர்த்தால் மலிவுப் பெடல் மலிவாக இருக்காது. எதிர்முனையில் வட்டமான ஐந்து-பின் மிடி துளை இருந்தால் கன்ட்ரோலரிலும் மிடி அவுட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய பெடல்களில் 3.5 மில்லிமீட்டர் துளையாக இருந்தால் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு வகை வயரிங் உண்டு. டைப் ஏ பொதுத்தரமாக ஏற்கப்பட்டது 2018இல்தான். அதற்கு முன் வந்த கருவிகளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

எம்-வேவ் சாக்லேட் போன்ற நான்கு சுவிட்ச் பெடல்கள் இன்று பரவலாக விற்பது ப்ளூடூத்தை நம்பித்தான். பிளக்-இன்னை ஐபேடிலோ மேக்கிலோ ஓட்டுகிறவர்களுக்கு இவை உண்மையிலேயே நல்ல வாய்ப்பு. ஆப்பிள் 2014 முதலே ப்ளூடூத் மிடியை இயங்குதளத்துக்குள் வைத்திருக்கிறது. விண்டோஸில் கதை வேறு. பெடல் இணைந்துவிட்டதாகக் காட்டும். ரெக்கார்டிங் மென்பொருளின் மிடி பட்டியலிலோ அதன் பெயரே இருக்காது. இடையில் மிடிபெர்ரி, லூப்மிடி என்று இரண்டு சிறிய மென்பொருள்களை ஓட்டித்தான் பலர் சமாளிக்கிறார்கள். விண்டோஸ்காரர்களுக்கு என் பரிந்துரை கேபிள்தான். ப்ளூடூத்தின் தாமதத்தைப் பற்றி மட்டும் பயப்பட வேண்டாம். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கிட்டார் வாசித்து எரிச்சலடைந்தவர்கள் அதே தாமதம் இங்கேயும் வரும் என்று நினைக்கிறார்கள். அங்கே ஒலியே காற்றில் போகிறது. இங்கே மூன்று எண்கள்தான் போகின்றன. டோன் மாற்றம் பத்து பதினைந்து மில்லி நொடி பிந்தினால் காது அதைக் கண்டுபிடிக்காது.

இந்தச் சிறிய பெடல்களுக்கு மறுபக்கத்தில் நிற்பது பெரிங்கரின் எஃப்.சி.பி.1010. இருபது ஆண்டுகளாகக் குறைந்த விலைக்கு இதையே எல்லோரும் கைகாட்டுகிறார்கள். பத்து சுவிட்ச், பேங்க் மாற்ற இன்னும் இரண்டு, இரண்டு எக்ஸ்பிரஷன் மிதிகள், மொத்தம் நூறு பிரீசெட். ஒரே மிதியில் ஐந்து கருவிகளுக்கு புரோகிராம் சேஞ்ச் அனுப்பும். இரும்புப் பெட்டி. ரேக் நிறையக் கருவிகளை அடுக்கி வைத்திருந்தவர்களுக்காகப் பிறந்த பொருள், அவர்களுக்கு இந்த விலையில் ஈடு இணையில்லை. வீட்டில் ஒற்றை லேப்டாப்புக்கு முன் வைத்தால் அதன் வயது தெரிந்துவிடும். யூ.எஸ்.பி. இல்லை, மிடி இன்டர்ஃபேஸ் தனியாக வாங்க வேண்டும். தரம் குறைந்த இன்டர்ஃபேஸ் கேபிள்கள் நீளமான சிஸ்டம் எக்ஸ்குளூசிவ் தகவலைச் சிதைப்பதால் கணினியிலிருந்து அமைப்புகளை ஏற்றவே முடியாமல் போகும். கேபிள் வேண்டாமென்றால் எல்லா எண்களையும் காலாலேயே மிதித்து மிதித்துப் பதிய வேண்டும். தனித்தனி எஃபெக்ட்டை ஏற்றி இறக்கும் வசதி அதன் தொழிற்சாலை மென்பொருளில் சரியாக அமையவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே யூனோ என்ற மாற்றுச் சிப்பை ஆர்வலர்கள் தயாரித்தார்கள். பெட்டியைத் திறந்து பழைய சிப்பைக் கழற்றிப் புதியதைப் பொருத்த வேண்டும். கெம்பர் ஆம்புக்கென்று வந்த யூனோ பதிப்பு ஆம்போடு இருவழியாகவே பேசும். நல்ல தீர்வுதான். ஆனால் அந்தச் செலவையும் கூட்டித்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் இன்னொன்று உண்டு: நாம் வாசிப்பது வெறுங்காலில். மேடைப் பெடல்களின் இடைவெளியும் சுவிட்சின் விறைப்பும் ஷூ போட்ட காலுக்கு அளந்தவை. ஸ்டாம்ப்பாக்ஸ் வகை இரும்புக் குமிழைப் பெருவிரலால் ஒரு மணி நேரம் மிதித்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சுவிட்சுகள் நெருக்கமாக இருக்கின்றன, மேடையில் தவறாக மிதிபடும் என்று சிறிய பெடல்களைக் குறை சொல்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வெறுங்கால் விரலால் அழுத்துகிறவருக்கு அந்த நெருக்கமே வசதி. அவற்றின் நிஜமான குறை எடையில்தான். டைல்ஸ் தரையில் லேசான பிளாஸ்டிக் பெடல், மிதிக்க மிதிக்க முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஒரு பலகைத் துண்டில் வெல்க்ரோ போட்டு ஒட்டி, அடியில் ரப்பர் விரிப்பு வைத்தால் நிற்கும். அதே அறையில் மைக் வைத்துப் பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் 'டக்' என்ற சத்தம் வராத மென்மையான சுவிட்சாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மிடியே தேவைப்படாதவர்களும் உண்டு. ஹெச்.எக்ஸ். ஸ்டாம்ப்பில் மூன்று சுவிட்ச் போதவில்லை என்று கன்ட்ரோலர் தேடுகிறவர்கள், அதன் பின்புறமுள்ள எக்ஸ்பிரஷன் துளையைக் கவனிப்பதில்லை. சாதாரண இரட்டை ஃபுட் சுவிட்ச் ஒன்றை ஸ்டீரியோ கேபிளில் அங்கே செருகினால் நான்காவதும் ஐந்தாவதும் கிடைத்துவிடும். மிடி எண்களைத் தொடவே வேண்டாம். நமக்கு வேண்டியது இரண்டு சுவிட்ச் என்றால் இதைவிட மலிவான, கெடாத வழி கிடையாது. பிரீசெட் மாறும்போது ஒலி ஒரு கணம் அறுந்துபோகிறதே என்பதற்காக விலை உயர்ந்த கன்ட்ரோலர் வாங்க நினைக்கிறவர்களும் நிறுத்திக்கொள்ளலாம். அந்த இடைவெளி, பிளக்-இன் புதிய ஆம்ப் மாடலையும் கேபினெட் ஐ.ஆரையும் ஏற்ற எடுக்கும் நேரம். எந்தப் பெடலாலும் அதை நிரப்ப முடியாது.

கையில் மிச்சமாகும் பணத்தை நான் எக்ஸ்பிரஷன் பெடலில்தான் போடுவேன். வா-வாவும் வால்யூமும் காலுக்கு வந்துவிட்டால் வாசிப்பு மாறுவது போல, ஐந்தாவது ஆறாவது சுவிட்சால் மாறாது. ஆகவே நான்கு சுவிட்ச் பெடலாக இருந்தாலும் அதில் எக்ஸ்பிரஷன் துளை இருப்பது முக்கியம். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தத் துளையின் வயரிங் மாறும். பொருந்தாததைச் செருகினால் மிதியின் முதல் கால்பகுதியிலேயே மதிப்பு முழுவதும் ஏறிவிடும், அல்லது அசையவே அசையாது. எம்-ஆடியோ இ.எக்ஸ்-பி பெடலில் வயரிங்கை மாற்ற ஒரு சின்ன சுவிட்ச் இருப்பதால் தைரியமாக வாங்கலாம். மிடியில் மதிப்பு 0 முதல் 127 வரை மட்டுமே. வாவுக்கும் வால்யூமுக்கும் இது தாராளம். சுருதியை இழுத்து ஏற்றும் எஃபெக்ட்டில் மட்டும் படிப்படியாக ஏறுவது காதில் விழும்.

சாலிடரிங் தெரிந்தவர்களுக்குச் சொந்தமாகச் செய்வதே ஆகச் சிறந்த வழி என்று நினைக்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு புரோ மைக்ரோ போர்டும் நான்கு சுவிட்சும் ஒரு டப்பாவும் கிடைத்துவிடும். போர்டில் ஏ.டி.மெகா32யூ4 சிப் இருக்க வேண்டும். விலை குறைவென்று ஊனோ, நானோ போன்ற வேறு போர்டை வாங்கினால் கணினி அதை நேரடியாக மிடி கருவியாக ஏற்காது. நாமே எழுதும் நிரலில் எதிர்முனையிலிருந்து வரும் மிடி எண்ணைப் படித்து விளக்கை ஏற்றவும் முடியும். அதாவது பிளக்-இன் தன் நிலையைத் திருப்பி அனுப்பினால், கடையில் மலிவாகக் கிடைக்காத அந்த இருவழிப் பேச்சு இங்கே சில வரிகளில் முடிந்துவிடும்.

கைமாறிய பெடல் வாங்குகிறவர்கள் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோவது நல்லது. மிடி-ஆக்ஸ் போன்ற இலவச மென்பொருளைத் திறந்து ஒவ்வொரு சுவிட்சையும் மிதித்தால் வரும் எண்கள் திரையில் ஓடும். ஒரு மிதிக்கு இரண்டு வரி வந்தால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. எக்ஸ்பிரஷனைக் கடைசி வரை அழுத்தினால் 127 வர வேண்டும், குதிகால் பக்கம் முழுவதும் சாய்த்தால் 0 வர வேண்டும். நடுவில் நிறுத்திக் காலை எடுத்த பிறகும் எண்கள் 63, 64, 63 என்று துடித்துக்கொண்டே இருந்தால், விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது வேறு இடம் பார்க்கலாம்.